மணிக்கட்டு எக்ஸ்ரே

பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் ஹாக்கிப் போட்டிக்காக மகளின் சான்றிதழ்களைக் கொண்டுவந்திருந்தாள் ஜெபமலர். வயதைக் குறைத்துச் சொல்லி ஆடவிடுகிறார்கள் என்று கிளப்பில் மணிக்கட்டு எக்ஸ்ரே வரை கேட்கிறார்கள். செயலாளர் வேலாயுதம் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எலும்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறப்புச் சான்றிதழை ஏற்கனவே இரண்டு முறை படித்தாயிற்று.

"போன மாசம் வந்த கோச்சுக்கு என்ன சார் பாத்தீங்க?"

"அவருக்கு என்னம்மா பாக்கணும்? ஸ்டேட்டுக்கு ஆடினவரு. தெரிஞ்சவங்க சொன்னாங்க."

"பழைய கிளப்பை ஏன் விட்டாராம்?"

"சொந்தக் காரணம்னாரு. அதைப் போய்த் தோண்டிக் கேட்டா மரியாதையா இருக்குமா?"

"நான் அங்கயே போய்க் கேட்டேன் சார். ஒரே வருஷத்துல மூணு பொண்ணுங்க இனிமே மட்டையைத் தொட மாட்டேன்னு வீட்டுல உக்காந்துட்டாங்க. என் பொண்ணோட எலும்பு வரைக்கும் பாக்குறீங்க. அந்தாளு இருந்த இடத்துக்கு ஒரு போன் போடத் தோணலையா?"

வேலாயுதம் படத்தை இறக்கவில்லை. வெள்ளை விரல்களுக்குப் பின்னால் மைதானம் மங்கலாகத் தெரிந்தது. மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிற சாக்கில் கோச்சின் கை ஒரு சிறுமியின் முதுகில் இருந்தது. அவள் நகர்ந்தாள். கையும் கூடவே நகர்ந்தது.

ஜெபமலர் படத்தை அவரிடமிருந்து பிடுங்கினாள்.

"இப்பப் பாருங்க சார்."

ஜன்னலை மறைக்க இப்போது எதுவும் இல்லை. வேலாயுதம் குனிந்து, மேசையில் கிடந்த பிறப்புச் சான்றிதழை எடுத்து மூன்றாவது முறையாகப் படிக்க ஆரம்பித்தார்.