திரை வளையங்கள்

உடைந்த வளையங்களைத்தான் முதலில் பொறுக்க வேண்டியிருந்தது.

வாளிக்குப் பின்னால் கிடந்தன. சோப்புப் பெட்டிக்குள் ஒன்று. தண்ணீர் போகும் ஓட்டையில் ஒன்று சிக்கியிருந்தது. எல்லாம் வாய் பிளந்த பிளாஸ்டிக். குளியலறைத் திரை ஒரு மூலையில் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்க, மீதி ஈரத் தரையில் விழுந்து கிடந்தது.

விழும்போது மாமனார் அதைத்தான் பிடித்திருக்கிறார். அந்த வளையம் ஒரு மனிதனைத் தாங்குமா?

ஆண்கள் அவரை எடுத்துக்கொண்டு மயானத்துக்குப் போயிருந்தார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் வந்து தண்ணி வாத்துக்கோணும் அண்ணி. அந்தத் துணிய மாட்டி உட்ருங்க," என்றாள் நாத்தனார், துடைப்பத்தை நிறுத்தாமல்.

அலமாரியில் புது வளையங்கள் ஒரு பாக்கெட் இருந்தன. மருமகள் முக்காலியில் ஏறினாள்.

திரை போன வருடம் வந்தது. மாமா உள்ளே வழுக்கி விழுந்து, கதவை உடைத்துத் தூக்க வேண்டியதாகிவிட்டது. புதுக்கதவுக்கு அவள் கணவன் தாழ்ப்பாளே வைக்கவில்லை. மருமகள் நடமாடும் வீட்டில் தாழ்ப்பாள் இல்லாமல் குளிப்பதா என்று பெரியவர் குளிக்கவே மறுத்தார். அதற்குத்தான் கதவுக்கு உள்பக்கம் இந்தத் திரை.

நேற்றுக் காலை வளையங்கள் படபடவென்று தெறித்தது அவளுக்கு நன்றாகவே கேட்டது.

ஓடிப்போய்க் கதவில் கையும் வைத்துவிட்டாள்.

"வராத கண்ணு. துணியில்லாமக் கெடக்கறேன்."

யாராவது ஆம்பளையைக் கூப்பிடச் சொன்னார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

வைத்த கையை எடுத்தாள்.

மானமா உயிரா என்றால் உயிர்தான் என்று யாரும் சொல்லிவிடலாம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். மாமாவுக்கு எதிரே அவள் நாற்காலியில் உட்கார்ந்ததுகூட இல்லை. அப்போதும், பாவி, சொன்ன பேச்சைக் கேட்கிற மருமகளாகவே இருந்தாள்.

எதிர் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

மிக்ஸி ஓடியது, ஒன்றும் கேட்கவில்லை, நிறுத்திய பிறகுதான் சந்தேகம் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னாள். கணவனுக்கும் அதையேதான் சொன்னாள். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பாயில் படுக்காமல் போனாரே, புண்ணியம் செய்தவர் என்றார்கள்.

கடைசி வளையத்தை மாட்டி இழுத்துப் பார்த்தாள். திரை சரசரவென்று ஓடியது. ஒன்றுமே நடக்காத வீடு மாதிரி இருந்தது.

வெயில் ஏறியபின் ஆண்கள் வந்தார்கள். கொள்ளி வைத்தவன் என்று கணவனைத்தான் முதலில் குளிக்க விட்டார்கள்.

குளித்துவிட்டு நேராகப் படுக்கையறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். மொட்டைத் தலையில் ஈரம் மினுங்கியது. அவள் துண்டை எடுத்துத் துவட்டினாள்.

"ஒரு வார்த்த பேசாமப் போயிட்டாரே," என்றான். "என்னை ஒரு தடவ கூப்புட்டிருந்தாக்கூடப் போதும்."

சொல்லிவிட்டு உடைந்து அழுதான். இத்தனை வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. தோள் குலுங்கியது. வெளியே கேட்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டான். அவளால் தாங்க முடியவில்லை. இவனுக்காக எதையும் செய்யலாம் போலிருந்தது.

"உங்களத்தானுங்க கூப்புட்டாரு," என்றாள். "பூபதி, பூபதின்னு."

நிமிர்ந்து பார்த்தான்.

"நெசமாவா?"

தலையாட்டினாள்.

அவள் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். உள்ளங்கை நனைந்தது. அப்பா, அப்பா என்று முனகினான். அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து, சொன்னது பொய்யானாலும் நல்லதுதான் என்று அவளுக்கும் மூச்சு வந்தது. மொட்டைத் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அழுகை மெல்ல அடங்கியது.

அடங்கிய பிறகும் கையை விடவில்லை.

"எப்பக் கூப்புட்டாரு?" என்றான்.