தில்லைநாயகத்தின் பாயிண்டுகள்

கணவரின் போனை எடுத்துக்கொண்டு குழல்வாய்மொழி அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். மாடியில் குடியிருக்கும் சத்யபிரியா அங்கே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"அவுகளுக்குத் தெரியாம இந்த போனை நான் தொட்டதே கெடையாது," என்றாள் குழல்வாய்மொழி. குரலில் பயமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"பாஸ்வேர்டு தெரியுமா அத்தை?"

"விஜயன் பொறந்த வருசம்."

திறந்தது. கிரெடிட் கார்டு செயலியின் முதல் பக்கத்திலேயே இருந்தது: மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பாயிண்ட்.

கார்டில் செலவழிக்கச் செலவழிக்க வங்கி தருவது; சேர்த்து வைத்தால் விமான டிக்கெட்டே எடுக்கலாம். நாலு வருடச் சேமிப்பு. தென்காசியில் தெரிந்தவர்கள் யார் எதை வாங்கப் போனாலும் தில்லைநாயகமும் கூடவே போவார். தன் கார்டைத் தேய்த்துவிட்டு அவர்களிடம் ரொக்கத்தை வாங்கிக்கொள்வார். அடுத்த தெருக் கல்யாணத்துக்குப் பட்டு, கடையநல்லூர்க்காரர் ஒருவருக்கு ஃப்ரிட்ஜ், சீசனுக்குக் குற்றாலம் வருகிற சொந்தக்காரர்களின் லாட்ஜ் வாடகை என்று எல்லாம் அவர் கார்டில்தான்.

அடியும் பட்டிருக்கிறார். ஆலங்குளத்து இசக்கிதுரை பம்புசெட் மோட்டாரை வாங்கிக்கொண்டு ரொக்கம் தராமல் ஏழு மாதம் இழுத்தடித்ததில், ஒரு வருடத்துப் பாயிண்டின் மதிப்பு கார்டு வட்டிக்கே போனது. பெட்ரோலுக்கு இனிமேல் பாயிண்ட் கிடையாது என்று வங்கி அனுப்பிய தகவலைப் படிக்காமல், நாலு மாதம் ஊர் வண்டிக்கெல்லாம் டேங்க் நிரப்பினார்.

அப்போதும் விடவில்லை. டப்ளினில் படிக்கிற மகன் விஜயசங்கர் பட்டம் வாங்கும்போது, இருவரும் பாயிண்டிலேயே பறந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். வீட்டு மிக்சி கருகியபோது, "பாயிண்டுல வாங்கினா என்ன?" என்று அவள் கேட்டாள். "அதுல மட்டும் கை வைக்காதே," என்று சொல்லிப் புது மிக்சியையும் கார்டிலேயே வாங்கி வந்தார்.

"எத்தனை டிக்கெட் அத்தை?"

"ஒண்ணு."

"திரும்பி வாரதுக்கு?"

"அதைப் பொறவு பாத்துக்கிடலாம். இன்னைக்கே கெளம்புத மாதிரி இருக்கா பாரு."

சத்யபிரியா தேடினாள். கடைசி நேரம் என்பதால் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பாயிண்ட் கேட்டது. இரண்டு பேருக்கென்று சேர்த்தது ஒருவருக்கே போய்விடும்.

"எடுத்துரு," என்று குழல்வாய்மொழி ஒரு பாஸ்போர்ட் நகலை நீட்டினாள்.

"பேங்குக்குத் தெரிஞ்சா பாயிண்ட் பூராவும் போயிரும் அத்தை. விதிமுறையிலே தெளிவாப் போட்டிருக்கான்."

"அதனாலதான் இப்பமே எடுக்கச் சொல்லுதேன்."

பின்கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு ஷமீம் பானு ஒரு பிளாஸ்க்கை நீட்டினாள். "ஒரு வாய் காபியாவது குடிங்கக்கா." குழல்வாய்மொழி அதை வாங்கி, நேற்று ராத்திரி துடைத்தபடியே கிடந்த அடுப்பின் பக்கத்தில் வைத்தாள். திறக்கவில்லை.

போன் அடித்தது. வங்கியிலிருந்து ஒரு பெண்.

"தில்லைநாயகம் சாரோட நம்பர்தானே மேடம்? இவ்வளவு பாயிண்ட்டை ஒரே நேரத்துல எடுக்கறதால, அவர்கிட்ட ஒரு தடவை உறுதிப்படுத்திக்கணும். சார் பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காக. ஹால்ல படுத்திருக்காக."

"கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். கணவரின் தம்பி சுப்பு அங்கே சுவரில் சாய்ந்து நின்றான். அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே குரல். போனில் அவளே பல தடவை ஏமாந்திருக்கிறாள்.

"சுப்பு, ஒங்க அண்ணன் மாதிரி இதுல பேசு."

"மதினி, தப்பில்லையா?"

"தப்புதான். பேசு."

சுப்பு தொண்டையைச் செருமிக்கொண்டு போனை வாங்கினான். "ஆமா, தில்லைநாயகம்தான் பேசுதேன்." பிறந்த தேதியைக் கேட்டபோது அவள் காதோரம் சொல்ல, அவன் திருப்பிச் சொன்னான்.

"உங்க அம்மா பேரு சார்?"

"உலகம்மாள்." அந்த ஒன்றுக்கு மட்டும் அவன் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ரொம்ப நன்றி சார். நல்லபடியா போயிட்டு வாங்க."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சுப்பு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் அடுக்களைக்குத் திரும்பியபோது டிக்கெட் வந்திருந்தது. ஒரு பெயர், ஓர் இருக்கை.

"இன்னும் முப்பத்திரண்டாயிரம் பாயிண்ட் மிச்சம் இருக்கு அத்தை."

"கெடக்கட்டும்."

டிக்கெட்டை அனுப்பச் சொல்லிவிட்டு, குழல்வாய்மொழி மகனின் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"விஜயா, டிக்கெட்டு வந்துட்டா? பேரு, தேதி எல்லாம் சரியா இருக்கா பாத்துக்கோ."

"சரியா இருக்கும்மா," என்றான். பயமும் வருத்தமும் இல்லாத அதே குரலில் அவள் சொன்னாள்:

"பொறப்படு ஐயா. நீ வந்த பொறவுதான் அப்பாவை எடுப்போம்."