கலர் மீன் மாப்பிள்ளை

"தண்ணி வசதியெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டுக்கொண்டே பெரியவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்ததும், பாலசுந்தரம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். பெண் கொடுக்கிறவர்கள் முதலில் தண்ணீரைப் பற்றித்தானே கேட்பார்கள்? குடம் சுமக்கப் போவது அவர்கள் பெண்ணல்லவா!

அம்மா ராமாத்தாள் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். "நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து பொண்ணூட்டுக்காரங்க உன்னையப் பாக்க வாராங்களாமா. மீன் வாங்கற சாக்குல வருவாங்க. தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காத சாமி. கம்முனு யாவாரத்தப் பாரு."

பார்ப்பதற்கு வியாபாரம் இருந்தால்தானே! நாமக்கல்லில் கலர் மீனுக்கென்று கடை போட்டு வருஷம் ஒன்றாகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர், "இது கொழம்புக்கு ஆகுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

'மீன் விக்கறவனுக்கா பொண்ணு?' என்று வந்த இடமெல்லாம் தட்டிப் போயிற்று. இந்த இடமும் தவறினால் கடையை மூடிவிட்டு, மாமாவின் ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடக் கிளம்ப வேண்டியதுதான் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"சொந்தக் கெணறுங்க. தண்ணி கல்கண்டாட்ட இருக்கும். எந்தக் கோடையிலயும் வத்துனதில்லீங்க" என்றான் பாலசுந்தரம், குரலில் தேனைத் தடவி.

"அது போதுமுங்க. தண்ணிதானுங்களே முக்கியம்!"

பாலசுந்தரம் பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய் ஒரு கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தான். பெரியவர் அதை உறிஞ்சியபடி ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார். ஒரு மீனுக்குக்கூட விலை கேட்கவில்லை. ஆள் மீன் வாங்க வந்தவரில்லை என்று பாலசுந்தரத்துக்கு உறுதியாகிவிட்டது.

"வேலை ரொம்பக் கஷ்டமுங்களா?"

"கஷ்டமா? அட நீங்க வேற! பொழுதுக்கும் நெழல்ல உக்காந்த எடந்தானுங்க. தொட்டி கழுவறது, தீனி போடறது எல்லாம் ஊட்டுப் பொம்பளைங்களே செஞ்சரலாமுங்க." சொல்லிவிட்டு, வருங்கால மனைவியை வேலை வாங்குகிறவன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்துபோனான். "செய்யோணும்னு அவசியமில்லீங்க!" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்.

பெரியவர் சிரித்தார். "என்ற பொண்ணு செல்லமா வளந்த புள்ளைங்க. நாளைக்கு அது கண்ணக் கசக்கக் கூடாது பாருங்க. அதுதான் எல்லாத்தையும் தீர விசாரிச்சுப் போடலாம்னு வந்தனுங்க."

பொண்ணு என்ற வார்த்தை வந்தே விட்டது! பாலசுந்தரத்துக்குக் காதெல்லாம் சூடாயிற்று.

அதற்குப் பிறகு பெரியவர் கேட்டதற்கெல்லாம் அவன் ஒளிவுமறைவில்லாமல் கொட்டினான். மெட்ராஸில் எந்தத் தெருவில் யாரிடம் மீன் எடுப்பது, பையில் காற்றடைத்து ராத்திரி ரயிலில் சேலத்துக்கு எப்படிக் கொண்டுவருவது, எந்த மீன் சீக்கிரம் செத்துக் கையைக் கடிக்கும், எல்லாம் சொன்னான். பொறுப்பான பிள்ளை என்று தெரிய வேண்டாமா?

"கரண்டு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"தொட்டித் தண்ணிய மொண்டு மொண்டு மேலிருந்து ஊத்தோணுமுங்க. மீனுக்கு மூச்சு கெடைச்சுரும். இது யாருக்கும் தெரியாதுங்க, உங்களுக்குச் சொல்றேன்."

பெரியவர் ஸ்டூலைக் கிட்டே நகர்த்திப் போட்டுக்கொண்டார். "வருமானந்தான் எப்படிங்க? மனசு உட்டுச் சொல்லுங்க."

நேற்று முழுக்கப் போணியே ஆகவில்லை. அதைச் சொன்னால் எவன் பெண் கொடுப்பான்?

"இந்த ஊருல மீன் வாங்கறதுக்குப் போட்டா போட்டிங்க! என்னொருத்தனால சமாளிக்க முடியல. ரெண்டு குடும்பம் தாராளமா உக்காந்து சாப்பிடலாமுங்க!"

பெரியவரின் முகம் மலர்ந்தது. அவர் என்ன குலம், என்ன கூட்டம் என்று கேட்கவில்லை, குலதெய்வம் எது என்று கேட்கவில்லை, அவன் பேரைக்கூடக் கேட்கவில்லை. அதெல்லாம் முன்னாடியே விசாரித்து முடித்திருப்பார் என்று பாலசுந்தரம் பூரித்துப்போனான்.

சந்தோஷம் தாங்காமல், ஆசையாக வளர்த்த ஏஞ்சல் மீன் ஜோடியைப் பையில் போட்டு நீட்டினான். "உங்க பொண்ணுக்குக் குடுங்க. காசெல்லாம் வேண்டாமுங்க. ஜோடி சேந்துருச்சுன்னா இது பிரியவே பிரியாதுங்க."

"தங்கமான மனசு தம்பி உங்களுக்கு!" பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "எனக்கு முழுத் திருப்தி. இன்னைக்கே பேசி முடிச்சர்றனுங்க. வர்ற வெள்ளிக்கெழமை நாளும் நல்லா இருக்குது."

பாலசுந்தரம் நெளிந்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. "எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு..."

"அம்மாவையும் கூட்டிக்கிட்டே வாங்க. நீங்க இல்லாமயா? நீங்கதானுங்க முன்னால நிக்கோணும்!"

"எங்கீங்க, உங்க ஊட்டுலயா?" என்றான் பாலசுந்தரம், தரையைப் பார்த்தபடி.

பெரியவர் வாசலில் நின்று, தெருவுக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த கடையைக் கை நீட்டிக் காட்டினார்.

"அங்கதானுங்க. என்ற பொண்ணக் கட்டுன மாப்பிள்ளைக்கு உங்களாட்டவே கலர் மீன் கடை வெச்சுக் குடுக்கறோம்!"