கண்ணாஸ்பத்திரிப் படம்

தன் மனைவி வரலட்சுமிக்குக் கண் போய்விட்டது என்று தீனதயாளன் முடிவு கட்டிவிட்டார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இல்லாத எருமையைப் பார்த்து அலறுகிறாள். வராத பஸ்ஸுக்கு அவர் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணி கண்ணாஸ்பத்திரிக்கு வருகிற வழியெல்லாம் இதே கூத்து.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது.

"இன்னாங்க இது, மஞ்சப் பெயிண்ட்டை அள்ளி அப்பி வெச்சிகிறாங்க?" என்றாள் வரலட்சுமி.

பாவம், முற்றித்தான் போய்விட்டது. தீனதயாளன் பெருந்தன்மையோடு விளக்கினார்.

"அது போட்டோம்மா. வெயில்ல நெல்லு வயலு. நம்ம ரோட்டாண்டதான் எடுத்துகிறான். இப்ப வர்ற வழியில பார்த்தேனே, அச்சு அசலா இப்படித்தான் இருந்துச்சு."

நர்ஸ் எவாஞ்சலின் வந்ததும் அவளிடமே நியாயம் கேட்டார். "பாருங்க சிஸ்டர், இவளுக்குப் போட்டோகூட பெயிண்ட்டாத் தெரியுது."

"பெயிண்ட்டிங்தாங்க அது. வெளிநாட்டுல ஒருத்தர் வேணும்னே கலங்கலா வரைஞ்ச வயலு. அதைப் போட்டோன்னு சொல்றவங்களைத்தான் டாக்டர் மொதல்ல உள்ள கூப்பிடுவாரு. வாங்க சார். பார்த்து, படி இருக்குது."

"எங்க படி?" என்றார் தீனதயாளன், அதன்மேல் இடித்துக்கொண்டே.

வரலட்சுமி எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"ஸ்கூட்டர் சாவியைக் குடுத்துட்டுப் போங்க. எருமைங்களாவது பொழைச்சுப் போவட்டும்."