இரண்டு திருகாணிகள்

பிற்பகல் வெயில் கண்ணில் அடிக்காமல் திரைச்சீலையை இழுத்துவிட்டு, எக்ஸ்-ரே அளப்பவர் அடுத்த படத்தைத் திறக்கிறார். மூட்டுத் தேய்மானம் யாருக்கு எவ்வளவு வேகமாக முற்றும் என்று முன்கூட்டியே கணிக்கும் ஆய்வு இது. ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒரு படம். பெயர், ஊர் எதுவும் கிடையாது, எண் மட்டும்தான். திரையில் ஒரு வலது முழங்கால் சாம்பல் நிறத்தில் எழுகிறது. முட்டிக்குக் கீழே இரண்டு திருகாணிகள், அதில் ஒன்று சற்றுச் சாய்ந்திருக்கிறது. மழையில் ஸ்கூட்டர் வழுக்கி இந்தக் கால் முறிந்த அன்று, ஓட்டியவர் அவர்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவள் அப்போது அவர் மனைவி. பிரிந்து ஒன்பது வருடமாகிறது. எங்கே இருக்கிறாள் என்றுகூட அவருக்குத் தெரியாது. எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்கிறார். போன வருடம் மூன்றரை மில்லிமீட்டர் இருந்தது, இப்போது இரண்டரை. தப்பாக இருக்கட்டும் என்று மறுபடி அளக்கிறார். அதே இரண்டரைதான். மாடி வீடாக இருந்தால் எப்படி ஏறுகிறாளோ.

"என்ன சார், அந்த ஒரு முட்டியிலேயே குடியிருக்கீங்க?" பக்கத்து மேசைப் பெண் சிரிக்கிறாள். "டீ ஆறிப்போச்சு பாருங்க."

"எலும்போட ஓரம் சரியாத் தெரியலம்மா."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள். ஏசியின் முனகல் மட்டும் மிஞ்சுகிறது. இரண்டரை என்று பதிகிறார். படிவத்தின் கடைசிக் கேள்வி: 'இந்த நபரை உங்களுக்குத் தெரியுமா?' தெரியும் என்றால் இந்தக் கால் இனி வேறொருவர் மேசைக்குப் போய்விடும். மவுஸின் மேல் விரல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. பிறகு, நான்காவது வருடமாக, 'தெரியாது' என்பதை அழுத்துகிறார்.