எந்தக் கை

கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் இரண்டு தூண்டில் ரீல்களை வைத்தார்.

பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றுக்குக் கைப்பிடி இடப்பக்கம். மற்றதற்கு வலப்பக்கம்.

"பாப்பா எந்தக் கையால வீசும் சார்?"

அவன் இரண்டு ரீலையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஒரு கையால் வீசினால் மறு கையால்தான் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சாதாரண ரீல் என்றால் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம். இந்த பெய்ட்காஸ்டிங் ரீலில் அது நடக்காது. நூலையும் சுற்றிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் தன்மையாகத்தான் சொன்னார்.

அவன் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தது.

மஸ்கட்டில் இருந்தவரை எதுவானாலும் மனைவி செண்பகத்தைத்தான் கேட்பான். மகளுக்குச் செருப்பு என்ன அளவு. பச்சை பிடிக்குமா, நீலம் பிடிக்குமா. இப்போது எந்த வகுப்பு. அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

திரையில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது.

போனை மறுபடி பையில் போட்டான்.

காய்ச்சல் என்று படுத்தவள் எழவே இல்லை. அவன் வந்து இறங்கியபோது ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் போய், வீட்டில் அவனும் மகள் அபிநயாவும் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் மகளைக் குளத்துக்குக் கூட்டிப்போனவள் செண்பகம். சாதாரணத் தூண்டிலில் விரால் பிடிக்கப் பழகிய பிள்ளை, வீடியோக்களைப் பார்த்துவிட்டு இந்த ரீல் வேண்டுமென்று கேட்டிருந்தது. அப்பா வந்ததும் வாங்கலாம் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள்.

அப்பா வந்தாயிற்று.

கடையின் அந்தக் கோடியில் அபிநயா தூண்டில் இரைக்கான ரப்பர் தவளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டுக் கேட்டால் சொல்லிவிடுவாள்.

பெற்ற பிள்ளையிடம், இன்னொரு ஆள் முன்னால், உனக்கு எந்தக் கை பழக்கம் என்று எப்படிக் கேட்பது?

வீடியோ காலில் அவள் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறான். வலது கையால்தான் சாப்பிடுவாள்.

"வலது கைதான்," என்றான். கொஞ்சம் சத்தமாகவே.

அபிநயா திரும்பிப் பார்த்தாள். அப்பாவை. பிறகு மேசைமேல் இருந்த ரீலை.

மறுபடி தவளைகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைக்காரர் அதற்கேற்ற ரீலை எடுத்து நூல் சுற்றத் தொடங்கினார். ரீல் மாட்டும் தூண்டில் ராடை மகளே தேர்ந்தெடுக்கட்டும் என்று அவன் ஒதுங்கி நின்றான். அவள் அதிகம் பார்க்கவில்லை. கைக்கு எட்டிய ஒன்றை எடுத்து, இது போதும் என்றாள்.

மாலை வெயிலில் குளத்தங்கரைக்குப் போனார்கள்.

தண்ணீர் பாதிக்குமேல் அல்லி இலை. அதற்கடியில்தான் விரால் கிடக்கும்.

அவள் வலது கையில் ராடைப் பிடித்துப் பெருவிரலை நூல்மேல் அழுத்தி வீசினாள். நூல் முனையிலிருந்த ரப்பர் தவளை காலடியிலேயே பொத்தென்று விழுந்தது. மறுபடி வீசினாள். விரல் தாமதித்தது. ரீலுக்குள் நூல் குப்பென்று சுருண்டு சிக்குப் பிடித்துக்கொண்டது.

பொறுமையாகப் பிரித்தாள். வீசினாள். மறுபடியும் சிக்கு.

ரீலில் ஏதோ கோளாறு, நாளைக்கே போய்ச் சண்டை போடுகிறேன் என்றான் அவன். ரீல் நல்ல ரீல்தான், பழகிவிடும் என்றாள்.

சொல்லிவிட்டு மறுபடி வலது கையாலேயே வீசினாள். உதட்டைக் கடித்திருந்தாள்.

எங்கிருந்தோ வந்த நாய் ஒன்று கரையில் வைத்திருந்த பையை முகர்ந்தது. வாயில் கவ்வி இழுத்தது.

அபிநயா ராடைக் கீழே வைத்தாள். குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து விட்டெறிந்தாள். நாயின் காலருகே சரியாகப் போய் விழுந்து உடைந்தது. நாய் பையை விட்டுவிட்டு ஓடியது.

இடது கை.

யோசிக்காமல், வாகாக, தூரமாக எறிந்த கை.

அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ இடக்கையாம்மா?"

அவள் நூலைப் பார்த்தபடி தலையாட்டினாள். சாப்பிடுவதற்கு மட்டும் வலது என்று அம்மா சின்னதிலேயே பழக்கிவிட்டிருந்தாள்.

கடையிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டான்.

"அந்த ஆளு முன்னாடி, உங்களுக்குத் தெரியலைன்னு ஆயிரும்லாப்பா."

அவன் கரையில் கிடந்த கல்லில் உட்கார்ந்தான்.

அல்லி இலைகளுக்கு நடுவில் எதுவோ புரண்டது. வட்டம் பெரிதாகி, கரைவரை வந்து, அடங்கியது. அவள் அந்தப் பக்கம் வீசவில்லை.

உன்னைப் பற்றி எனக்கு வேறு என்னவெல்லாம் தெரியாது என்று அவன் கேட்டான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான்.

அவள் யோசித்தாள். நூலை விரலில் சுற்றினாள்.

"நான் அழுதா யாரும் பேச்சுக் குடுக்கக் கூடாதுப்பா," என்றாள். "அம்மா சும்மா பக்கத்துல உக்காந்திருப்பா."

அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது அவன் காதிலும் விழுந்திருந்தது.

இப்போது அவள் தாடை நடுங்கியது.

ஏதோ சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான்.

கல்லில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டான்.