இரங்கலுக்குப் பதில்

அப்பா நாற்காலியில் இருந்தார். அம்மா கட்டிலின் கால்மாட்டில், சித்தப்பா அரிசி மூட்டைமேல். நடுவே தரையில், வங்கிக் கடிதத்தோடு மகள் ஜெசிந்தா. அவள் இறந்துவிட்டதால் ஆறு லட்ச ரூபாய்க் கல்விக்கடன் தள்ளுபடி ஆகிறது, குடும்பத்துக்கு ஆழ்ந்த இரங்கல் என்று அதில் இருந்தது.

“உசுரோட இருக்கான்னு எழுதுனா திரும்பக் கட்டச் சொல்லுவாங்களே,” என்றாள் அம்மா.

“எழுதலேன்னா இவ யார் பேர்ல வேலைக்குப் போவா?” என்றார் சித்தப்பா.

“மூணு வருசமா அவ பேர்ல என்ன வேலை கிடைச்சுது?” என்ற அப்பா, ஜெசிந்தாவிடம் பேனாவை நீட்டினார். “துக்கம் விசாரிச்சவங்களுக்கு நன்றி சொல்லணும்ட்டி. எனக்கு எழுத்து கோணும், நீயே எழுது.”

எங்கள் மகளின் மறைவுக்கு இரங்கல் தெரிவித்தமைக்கு நன்றி என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். எழுத்து ஓரிடத்திலும் கோணவில்லை. அது எப்படி என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை. உறையை ஒட்டித் தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, இனி எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.